கண்ணோரம் மஞ்சள்

இரவு பத்துக்கு க்ளெனிஸ் தன் அழைப்புகளை
என் எண்ணுக்குத் திருப்பிவிடுவாள்.
அதன்பின் கூமா மேட்டிலிருந்து பேகா கடற்கரை வரை
அடிபட்டதெல்லாம்
என் சமையலறை மேசையில் வந்து மணியடிக்கும்.

மடிப்புகளில் ஊர்கள் தேய்ந்துபோன வரைபடம் ஒன்று.
பராமரிப்பாளர் பட்டியல், ஓரத்தில் பென்சில் குறிப்பு:
யாருக்கு வண்டி பழுது, யாருக்கு மகள் கல்யாணம்,
யார் இனிமேல் வௌவால் எடுக்கமாட்டார்.
ரோமம் பட்டால் எனக்கு மூச்சிரைக்கும்.
அதனால்தான் தொலைபேசி.

முதலில் கேட்க வேண்டியது,
நீங்கள் பத்திரமான இடத்தில் நிற்கிறீர்களா?
இதை யாரும் எதிர்பார்ப்பதில்லை.
சிலர் அந்த இடத்திலேயே அழுதுவிடுகிறார்கள்.
படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது.

பதினொன்றே கால். லாரிக்காரர், பெயர் பர்செல்.
"கங்காரு. செத்துப்போச்சு.
சும்மா சொல்லிவைக்கலாமேன்னு."
பையைப் பாருங்கள்.
"எந்தப் பை?"
அவள் வயிற்றுப் பை.
லாரியின் சிமிட்டுவிளக்கு
டிக் டிக் என்பது எனக்குக் கேட்கிறது, வெகுநேரம்.
கையை உள்ளே விடுங்கள், பர்செல். சூடு இருக்கிறதா?
"இருக்கு."
பிறகு வேறு யாரோ பேசுவதுபோல்,
"ஐயோ, அசையுது."

இழுக்காதீர்கள். இழுக்கவே கூடாது.
காம்பு அதன் வாய்க்குள் ஊதியிருக்கும்,
பிடுங்கினால் வாய் கிழியும்.
கத்தரிக்கோல்? இல்லை. கத்தி?
மீன் வெட்டுகிற கத்தி இருக்கிறது.
தாயின் உடம்பை ஒட்டி அறுங்கள். மெதுவாக.
அறுந்த முனையைத் துணியோடு சேர்த்து ஊக்கு குத்துங்கள்,
இல்லையென்றால் விழுங்கிவிடும்.

ஏழு வருடமாகச் சொல்லித்தருகிறேன்.
ஒரு கங்காருவின் காம்பை நான் தொட்டதில்லை.

இனி சட்டைக்குள், தோலோடு தோலாக.
பால் கொடுக்காதீர்கள். ரேடியோ போடாதீர்கள்.
"பாட்டுக்கூடவா?"
பாட்டுக்கூட.
நிம்மிடபெல் வரை எழுபது கிலோமீட்டர்.
மெரின் வாசல் விளக்கைப் போட்டுவைப்பாள்.

பன்னிரண்டே முக்கால். குடித்த குரல்.
கூரையில் போசம் ஓடுகிறதாம், பிடித்துப்போக வேண்டுமாம்.
அதற்கு அடிபட்டிருக்கிறதா, ஐயா?
"அடிபட்டிருப்பது என் தூக்கம்."
படிவத்தில் எழுதிக்கொண்டேன்.

இரண்டு மணிக்கு மெரினிடமிருந்து செய்தி:
நானூற்று எழுபது கிராம். பெண்.
அடுத்தது, சற்றுப் பொறுத்து:
இந்த ஆள் கிளம்பமாட்டேன் என்கிறான்,
சோற்றை வைக்கட்டுமா என்ன.

ஐந்து பத்து. ஜூலை இருட்டு.
ஒரு பையன், டாவிஷ், கிசுகிசுக்கிறான்.
அப்பாவின் போன். அப்பாவுக்குத் தெரியாது.
பூனை வாயிலிருந்து ஒரு பறவையைப் பிடுங்கி
காலணிப் பெட்டியில் வைத்திருக்கிறான்.
பூனைப் பல் என்றால் பொழுதில்லை. சொல், எப்படி இருக்கிறது?
"மஞ்சள் மூக்கு. கண்ணோரம் மஞ்சள்."

கண்ணோரம் மஞ்சளாக இங்கே இரண்டு உண்டு.
ஒன்று இந்த மண்ணின் பறவை, சாம்பல்.
மற்றது கப்பலில் வந்த மைனா, பழுப்பு,
அதன் வம்சம் இங்கே முட்டையிட்டு
நூற்றைம்பது வருடத்துக்கு மேல் ஆகிறது.
சாம்பலுக்கு ஆள் அனுப்புவேன்.
பழுப்புக்கு என் பட்டியலில் ஒரு பெயரும் இல்லை,
மருத்துவமனையின் முகவரி உண்டு,
அங்கே ஓர் ஊசி உண்டு.

உடம்பு என்ன நிறம், டாவிஷ்?
பழுப்பா, சாம்பலா?

பிள்ளைகளுக்குக் காது கூர்மை.
நான் எச்சில் விழுங்கியது கேட்டிருக்க வேண்டும்.
"எந்த நிறமா இருக்கணும்?" என்றான்.

கெட்டில் கொதித்து, தானே அணைந்தது.

"இருட்டா இருக்கு, எல்லாம் சாம்பலாத்தான் தெரியுது.
லைட் போட்டுப் பாக்கட்டுமா?"

போடாதே என்றேன். வெளிச்சம் அதைப் பயமுறுத்தும்.
இது விதிப்புத்தகத்தில் உள்ளதுதான்.
பெட்டியை மூடு. துணி போர்த்து. பக்கத்தில் பேசாதே.
விடியட்டும். வீடு எங்கே, சொல்.

சொன்னான். வரைபடத்தில் தேடினேன்,
ஒரு மடிப்புக்குள் இருந்தது.
மெரினை எழுப்ப இன்னொரு முறை எண்ணை அழுத்திக்கொண்டே
இனம் என்ற கட்டத்தில்
பென்சிலால் எழுதினேன்:
தெரியவில்லை.